பதினொருதொழிலியும் கழலாக் கடையாணியும்

வாழி, வரைகோல் வேந்தே! பம்புக் கம்பெனியின் படம் வரையும் அறையில் பகலெல்லாம் பிறர் கருவிகளுக்குக் கோடிழுத்து, மாலையானதும் தன் வீட்டுப் பின்முற்றத்துத் தகரக் கொட்டகையில் தன் கருவிக்கு உயிரூட்டிய பெருந்தகையே! கிரீசு கமழும் மார்பனே, வெல்டிங் பொறி துளைத்த பனியனை மெய்க்கவசமாகப் பூண்டவனே, தும்பைப் பூவுக்குப் பதிலாகக் காதோரம் பென்சில் சூடிய தோன்றலே! ஒரு பிடி நிலமும் உனக்கு இல்லாதிருந்தும் உலகத்துச் சிறு உழவர் யாவரும் உன்னால் உய்வர் என்று நீயே அறிவித்த அருளாளனே! உன் போரைப் பாடப் புகுந்தோம். பாடி முடிக்கும்வரை மழை பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

மழை பொறுக்கவில்லை.

காவியம் பாடுவோர் முதலில் நாட்டு வளம் சொல்வது முறை. இந்தக் காவியத்தின் நாடு ஒரு பின்முற்றம். ஒரு பக்கம் தகரக் கொட்டகை, எதிர்ப்பக்கம் தையலறை, இடையில் குளியலறைச் சுவர், அதன் ஓரமாகத் தெருச்சாக்கடைக்குப் போகும் குறுகிய சந்து. நாட்டில் ஆறுகள் இரண்டு. ஒன்று குளியலறைக் குழாயில் பிறந்தது, மற்றது துவைக்கிற கல்லில் பிறந்தது. இரண்டும் கூடி, போக வழியின்றி, தையலறை வாசலில் கடலாகத் தேங்கி நின்றன. மழை பெய்தால் அக்கடல் படியேறும்.

தையலறையில் அரசு வீற்றிருந்தவள் நாயகனின் மனைவி. பள்ளிச் சீருடை தைப்பவள். போன மழையில் கடல் படியேறி உள்ளே வந்து ஒரு கட்டுச் சட்டையைச் சேற்றுநீரில் தோய்த்துவிட்டது. கறையைப் பார்த்த பள்ளிக்கூடத்தார், இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். இப்போது அதே பள்ளியின் ஆண்டுச் சீருடை ஏறக்குறைய முழுவதும் தைத்து, மடித்து, கட்டுக்கட்டாக அவள் அறையின் தரையில் நின்றது. மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். தரையில் ஏன் வைத்தாள், வீட்டில் வேறு இடம் இல்லையா என்று கேட்பவர்கள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. கலப்பை கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. விதை தூவும் பெட்டி துணி அலமாரியின் தலைமேல் அமர்ந்திருந்தது. புல் வெட்டும் கத்திகள் சாப்பாட்டு மேசைமேல் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தன. குடும்பம் ஒரு வாரமாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது.

இவை அனைத்தும் பதினொருதொழிலியின் அங்கங்கள்.

பதினொருதொழிலி! உழும், பாத்தி கட்டும், விதைக்கும், களையெடுக்கும், புல் வெட்டும், சருகு வாரும், கதிரடிக்கும், நீர் இறைக்கும், கல் தூக்கும், நிலம் நிரவும், வாய்க்கால் தோண்டும் பேரியந்திரம். அதன் எஞ்சின் ஒரு பழைய தண்ணீர் பம்பினுடையது. சக்கரங்கள் செத்துப்போன டிராக்டர் ஒன்றினுடையவை. இருக்கை, கடையை மூடிவிட்ட முடிதிருத்துபவர் ஒருவரின் சுழல்நாற்காலி. உழும்போது முன்னே பார்க்கலாம், தோண்டும்போது சுழன்று பின்னே பார்க்கலாம், களைத்தால் சாய்ந்து தலை வைக்கலாம். சதுரக் குழாயும் வெல்டிங் செட்டும் துளை போடும் மிஷினும் உள்ள எவரும் தன் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பது அதன் அறம். ஒரே கை, ஒரே ஆணி என்பது அதன் மந்திரம். கையின் நுனியிலுள்ள கடையாணியை (அவன் மொழியில் ‘பின்’) உருவி, ஒரு கருவியைக் கழற்றி, இன்னொன்றை வைத்து, ஆணியைச் செருகினால் கலப்பை மண் அள்ளும் வாளியாகும், வாளி சருகு வாரும் சீப்பாகும். கண்ணிமைக்கும் நேரம். அதற்கு மனைவி வைத்த பெயர் ‘அது’.

தன்னைப் போலவே வீட்டில் இயந்திரம் கட்டுவோர்க்காக நாயகன் ஒரு குழு நடத்தினான். செல்போனுக்குள் வாழ்ந்த அக்குழுவினர் உலகின் பல மூலைகளிலும் இருந்தார்கள். எல்லோரிடமும் கொட்டகை இருந்தது. நிலம் எத்தனை பேரிடம் இருந்தது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அது நாகரிகமில்லை.

இனி, வஞ்சினம் உரைத்த வரலாறு. இரண்டு மழைக்காலங்களுக்கு முன்பு மனைவி கேட்டது ஒரு வாய்க்கால். கணுக்கால் ஆழம் போதும். தையலறை வாசலிலிருந்து சந்து வழியாகச் சாக்கடை வரை. ஒருவர் காலையில் மண்வெட்டியோடு இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிடலாம். நாயகன் நிமிர்ந்தான். அவன் விழி சிவந்தது, புருவம் வில்லாயிற்று.

“மண்வெட்டியாலயா? மிஷின் காலத்துல மனுஷன் குனிஞ்சு மண்ணு வெட்டுறதா? ஒரு மாசம் பொறு. உக்காந்த எடத்துலேர்ந்து வெட்டித் தர்றேன்.”

அன்றே வரைபலகையில் வாளி பிறந்தது. வாளியைத் தூக்க ஒரு கை வேண்டும். கை இருந்தால் உழவும் செய்யலாமே என்று தோன்றியது. உழுத நிலத்தில் விதைக்காமல் விடுவதா? விதைத்ததை அறுக்காமல் விடுவதா? இப்படித் தொழில்மேல் தொழிலாகப் பத்தும் வந்து சேர, முதலில் கருவுற்ற வாளி கடைசியில்தான் இரும்பாயிற்று. இடையில் மழை வந்தது, கடல் படியேறியது, ஒரு கட்டுச் சட்டை மாண்டது. நாயகன் மனம் தளரவில்லை. அன்று கதிரடிக்கும் உருளைக்கு மூன்றாம் படம் வரைந்துகொண்டிருந்தான்.

போர் நாளுக்கு முந்தைய நாள்தான் அந்தப் பெரும்பிழை நடந்தது. கையின் நுனியில் கருவியைப் பற்றும் இரும்புக் காதுகள் இரண்டும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டுமே என்று, ஆணியைத் துளைகளில் செருகி வைத்தபடியே காதுகளை வெல்டிங்கில் பற்றவைத்தான். பற்றவைத்த இரும்பு ஆறும்போது சுருங்கும், உள்ளே இருப்பதைக் கவ்விக்கொள்ளும். நாயகனுக்கு இது தெரியும். கம்பெனியில் எத்தனையோ படங்களின் ஓரத்தில் தன் அழகிய கையெழுத்தில் இதையே எச்சரிக்கையாக எழுதியிருக்கிறான். ஆனால் தன் இரும்பும் சுருங்கும் என்று எந்தத் தகப்பன் நினைப்பான்? அப்போது அளவு பார்க்க மாட்டியிருந்தது இலேசான கருவியான சருகு வாரும் சீப்பு. அதை ஆணி கவ்விக்கொண்டது. அந்த முற்றத்தில் மரம் ஒன்றுகூடக் கிடையாது.

விடிந்தது விடுமுறை நாள். வானத்தின் மேற்கு மூலையில் கருமேகம் யானைப்படையெனத் திரண்டு நின்றது. தையல் மிஷினின் ஓசைக்கு நடுவே ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க, மழை இருட்டிட்டு வருது. வாய்க்கால் என்னாச்சு?”

“இதோ ஆச்சு. பின்னைக் கழட்டி வாளிய மாட்டுறது மட்டும்தான் பாக்கி.”

அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மச்சினன், லாரி ஓட்டுபவன், படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவன் வானத்தைப் பார்த்தான், முற்றத்தைப் பார்த்தான்.

“மாமா, மண்வெட்டி எங்க இருக்கு? சோறு வேகுறதுக்குள்ள நான் இழுத்து விட்டுர்றேன்.”

நாயகன் கை உயர்த்தினான். அந்தக் கையில் சுத்தியல் இருந்தது.

“மாப்ள, இந்த முத்தத்துல மண்வெட்டி எறங்குச்சுன்னா இந்த மிஷின் பொறந்ததுக்கே அர்த்தமில்ல. பேசாம உக்காரு.”

“சரி மாமா. வெங்காயம் உரிக்க இதுல ஏதாவது பார்ட் இருக்கா, இல்ல அதையும் நானே உரிக்கணுமா?”

நாயகன் சுத்தியலோடு திரும்பினான். களத்தில் பகைவன் காத்திருந்தான்.

கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். அவ்வளவுதான் அந்தக் கடையாணி. ஆயினும் கோட்டை வாயிலைக் காக்கும் தனிவீரன்போல் அது இரு காதுகளுக்கிடையே அசையாது நின்றது. முதல் அடி விழுந்தது. முற்றம் அதிர்ந்தது, கொட்டகைத் தகரம் முழங்கிற்று, சுவர்மேலிருந்த பூனை நாடு கடந்து ஓடிற்று. ஆணி அசையவில்லை. இரண்டாம் அடி இடியேறெனவும் மூன்றாம் அடி ஊழிக்காற்றெனவும் இறங்க, அவற்றின் பின்னே எண்ணத் தொலையாத அடிகள் ஆலங்கட்டி மழையெனப் பொழிய, பதினொருதொழிலி தன் முடிதிருத்தும் அரியணை சுழலச் சுழல நடுங்க, ஆணி மட்டும் பிறவியிலேயே அங்கே முளைத்ததுபோல் அமைதி காத்தது.

நாயகன் வியர்வை துடைத்து விண்ணவரை வேண்டினான். அதாவது, ஆணியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான்.

விண்ணவர் உடனே இறங்கினார்கள். சுத்தியல் சித்தர் என்ற புனைபெயருடையவர் முதலில் அருளினார்: “இதைவிடப் பெரிய சுத்தியல் எடுங்க தலைவரே.” பற்றவைப்புப் புலி என்பவர் உரைத்தார்: “சூடு காட்டுங்க. காது விரியும், பின் தானா விழும்.” நெம்புகோல் என்பவர் மறுத்தார்: “சூடு காட்டினா பின்னும்தான் விரியும். ஐஸ் வைங்க.” இருவருக்கும் அங்கேயே வாதப்போர் மூண்டது. வேறொருவர், பின்னை உருவிவிட்டுப் பற்றவைத்திருக்கலாமே என்று எழுதினார். அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். மற்றவர்கள் கைகூப்பிய படங்களும் பூப்படங்களும் அனுப்பினார்கள். இவ்வாறு வானிலிருந்து பூமாரி பொழிந்தது.

நாயகன் எல்லா அருளையும் ஏற்றான். பெரிய சுத்தியல் கொண்டு அடித்தான். அடிபட்ட ஆணியின் தலை நசுங்கிக் காளான்போல் விரிந்தது. முன்பு வெளிவர மறுத்த ஆணி இப்போது வெளிவரவே முடியாத ஆணியாயிற்று. எண்ணெய் வார்த்தான். குளிர்பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் அள்ளிவந்து, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதுபோல் ஆணியின் நெற்றியில் ஒற்றினான். மச்சினன் உரித்த வெங்காயத்தைக் கழுவ எழுந்தான்.

“மாமா, அதுக்கு டெம்பரேச்சர் எறங்கிருச்சா?”

வானில் முதல் இடி உறுமியது. நாயகன் இறுதி ஆயுதத்தை ஏந்தத் துணிந்தான். ஆணியைச் சுற்றிலும் சூடு காட்ட வெல்டிங் செட்டும், காளான் தலையை அறுக்கக் கட்டிங் மிஷினும் ஒருசேர வேண்டும். கொட்டகையில் இருந்தது ஒரே பிளக்கு. ஆகவே இரண்டாவதன் ஒயரைத் தையலறை ஜன்னல் வழியாக நீட்டி, தையல் மிஷினுக்குப் பக்கத்திலிருந்த துளையில் செருகினான். இரு ஆயுதங்களும் ஒருங்கே கர்ஜித்தன. தீப்பொறிகள் பொன்மழையாய்ச் சிதறின. நான்கு திசையும் ஒளிர்ந்த அக்கணத்தில், வீட்டு முகப்பில் இருந்த ஃபியூஸ் தன் உயிரை நீத்தது.

கட்டிங் மிஷின் முனகி ஓய்ந்தது. தையலறையின் ஓசையும் நின்றது.

மனைவி வெளியே வந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. கையில் பாதி வைத்த காலரோடு ஒரு சட்டை இருந்தது.

“என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமில்ல. ஃபியூஸ்.”

“இன்னும் கொஞ்சம் சட்டைக்குக் காலர் வெக்கணும். கரண்டில்லாம நான் என்ன பண்ணட்டும்?”

“பின்னு இப்ப வந்துரும். முக்கால்வாசி அசைஞ்சிருச்சு.”

அது அசையவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய், மண்வெட்டியோடு திரும்பினாள்.

“தம்பி, வெங்காயத்த வெச்சிட்டு அந்தக் கடப்பாரைய எடு.”

“மாமா வேண்டாங்கிறாரேக்கா.”

“மாமா வேலையா இருக்காரு.”

காவிய மரபில் இதற்குமேல் வரும் காட்சிக்கு உவமை இல்லை. அவள் வெட்டினாள். மண் வந்தது. மறுபடி வெட்டினாள். மறுபடி மண் வந்தது. மண்வெட்டிக்கு எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தம்பி கடப்பாரையால் கல்லைப் பெயர்த்தான், அக்காள் அள்ளிப்போட்டாள். இருவரும் சந்துக்குள் நுழைந்து மறைந்தார்கள்.

தன் முதுகுக்குப் பின்னே நிகழ்ந்த அத்துரோகத்தை நாயகன் திரும்பிப் பார்க்கவில்லை. அறுக்கும் பிளேடைக் கையில் பிடித்தான். மின்சாரம் கைவிட்டால் என்ன, தோள்கள் இருக்கின்றன. சீப்புக்கும் காதுக்கும் இடையே மயிரிழை இடைவெளியில் பிளேடை நுழைத்து, முன்னும் பின்னும், முன்னும் பின்னுமாக, கடல் கடைந்தவர்களும் இத்தனை முறை கயிறு இழுத்திருப்பார்களோ என்று காண்போர் ஐயுற (காண்போர் ஒருவருமில்லை), ஒரு பிளேடு மொட்டையாகி, அடுத்தது ஒடிந்து, மூன்றாவது பாதியாகி, உள்ளங்கையில் கொப்புளங்கள் பூத்து உடைய, மதியச் சோறு அடுப்பிலேயே ஆறிப்போக, கடைசியில் ‘டணார்’ என்றோர் ஓசை.

பிடி விட்டுப்போன கடையாணி இரண்டு துண்டாக மண்ணில் கிடந்தது.

நாயகன் அதைப் படம் எடுத்துப் போட்டான். பூமாரி பொழிந்தது. அதே கணத்தில் மெய்யான மழையின் முதல் துளியும் அவன் மூக்கில் விழுந்தது. இனி ஒரு நொடியும் வீணாக்கலாகாது. சீப்பை உதைத்துத் தள்ளினான், வாளியைத் தூக்கிப் பொருத்தினான், கிடைத்த போல்ட்டு ஒன்றை ஆணியாகச் செருகினான், கயிற்றைச் சுற்றி இழுத்தான். பதினொருதொழிலி இருமியது, புகை கக்கியது, உயிர்த்தது! முடிதிருத்தும் அரியணையில் ஏறி அமர்ந்து, தலைசாய்க்கும் பலகையில் தலை நிமிர்த்தி, மழை முகத்தில் அறைய, இரும்புக் களிற்றின்மேல் வரும் மன்னனென அவன் சந்தின் பக்கம் புறப்பட்ட காட்சியை எந்த நாவால் உரைப்போம்!

சந்தில் வாய்க்கால் ஏறக்குறைய முடிந்திருந்தது. சாக்கடையைத் தொட ஒரு முழம் பாக்கி. முற்றத்துக் கடல் படியை விட்டு இறங்கி, புது வாய்க்காலுக்குள் சுழித்து ஓடிவந்து, வழி திறக்கக் காத்திருந்தது. தம்பி கடப்பாரையை ஓங்கினான்.

“நகருங்க ரெண்டு பேரும்! கடைசி ஒரு முழம் நான் வெட்டுறேன்!”

மனைவி நிமிர்ந்தாள். முகமெல்லாம் சேறு.

“வேண்டாங்க. முடிஞ்சு போச்சு. கரையில ஏத்தாதீங்க, மண்ணு எளகிக் கெடக்கு.”

“இது யாருக்காகக் கட்டினதுன்னு நெனச்ச? உனக்காகக் கட்டினது! இந்த ஒரு வாய்க்காலுக்காகத்தான் கட்டினேன்!”

அவன் சொன்னது உண்மை. அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் பகடி இல்லை. அவள் கையிலிருந்த மண்வெட்டி ஒரு கணம் தாழ்ந்தது. அந்தக் கணம் போதுமாயிற்று.

சந்து குறுகலானது. பதினொருதொழிலி அகலமானது. வாய்க்காலின் இரு கரையிலும் இரு சக்கரங்களை வைத்து, அது ஆடி அசைந்து முன்னேறியது. பாதிச் சந்தில் இடக்கரை பெருமூச்சு விட்டது. பிறகு சரிந்தது. செத்துப்போன டிராக்டரின் பெருஞ்சக்கரம், நெடுங்காலம் ஓய்வு தேடி அலைந்ததுபோல், வாய்க்காலுக்குள் அமர்ந்தது. இருபுறமும் மண் இடிந்து விழுந்து அதை அணைத்துக்கொண்டது. எஞ்சின் ஒருமுறை விக்கி அடங்கியது.

சாக்கடைப் பக்கம் நீர் நின்றது. முற்றத்துப் பக்கம் நீர் ஏறியது.

தம்பி இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்தான்.

“மாமா, பன்னெண்டாவது வேலையும் கண்டுபிடிச்சிட்டீங்க. அணைக்கட்டு.”

நாயகன் அரியணையிலிருந்து பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையே புகுந்து முற்றம் வரை ஓடிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“தம்பி, தண்ணி படி ஏறிருச்சு! வா, சட்டைக் கட்டெல்லாம் எடுத்துத் துணி வெட்டுற மேசைமேல போடணும்!”

ஓடப்போனவள் திரும்பி வந்து, நாற்காலிக்குக் கீழே நின்று, மண்வெட்டியை மேலே நீட்டினாள்.

“பிடிங்க. சக்கரத்தச் சுத்தி வெட்டி விடுங்க.”

அவன் மண்வெட்டியைப் பார்த்தான். அதன் காம்பில் அவள் கைச்சேறு இருந்தது. அவள் காத்திருக்கவில்லை.

இரண்டு மழைக்காலம் வளையாத முதுகே! உலகத்துச் சிறு உழவர்க்கெல்லாம் ஓய்வு தருவேன் என்று ஓங்கிய முதுகே! இடிக்கும் மின்னலுக்கும் அஞ்சாது, கம்பெனி மேலாளருக்கும் கால்பங்கே வளைந்து, ஆணியின் முன்னும் சமரில் தாழாது, குழுவினர் பூமாரியில் நாள்தோறும் நனைந்து செழித்த முதுகே! மலை தன் அடிவாரத்தைத் தேடிக் குனிவதுபோல், ஓங்கிய கொடிமரம் புயலில் வளைவதுபோல், ‘வாய்க்கால் ஆச்சா தலைவரே’ என்று சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்துகொண்டேயிருக்க, சலூன் நாற்காலி காற்றில் தானே சுழல, அவன் இறங்கினான், சேற்றில் கால் பதித்தான், குனிந்தான், வெட்டினான், மண் வந்தது, மறுபடி வெட்டினான், தன் சக்கரத்தைத் தானே வலம் வந்து ஒரு புது வாய்க்கால் திறந்தான், கடைசி ஒரு முழத்தையும் கைக்கொப்புளம் எரிய எரிய வெட்டித் தள்ளினான், அடைபட்ட பெருவெள்ளம் ஆர்ப்பரித்துத் தெருச்சாக்கடையில் பாய்ந்தது, வெற்றி, வெற்றி என்று தகரக் கூரையெங்கும் மழை முரசறைந்தது!

நாலு சட்டை மட்டும் நனைந்திருந்தது. அவள் அவற்றைப் பிழிந்து அறைக்குள் கொடியில் போட்டாள்.